சட்டைப் பையில் குல்லா

கருவேல மரத்தின் தாழ்ந்த கிளையில் ஒரு வெள்ளைச் சட்டை தொங்குகிறது. அரைக்கைச் சட்டை. காற்று இல்லாததால் அசையவில்லை. இடது பக்கப் பை மட்டும் கனம் தாங்காமல் கீழே இழுத்துக்கொண்டு நிற்கிறது, யாரோ மாங்காய் திருடி ஒளித்து வைத்த மாதிரி.

சட்டை என்னுடையது. பைக்குள் இருந்தது அரைக் கிலோவுக்குக் குறையாத ஓர் இரும்புத் துண்டு. அந்தச் சட்டையால் ஒரு மத்தியானம் இரண்டு பேருடைய உயிர் போகப் பார்த்தது. அதற்கடுத்த வாரம் மூன்றாவது ஆள் ஒருவருடைய வேலை போகப் பார்த்தது.

இந்தத் தொடரில் போன வாரப் பகுதியைப் படித்துவிட்டு நண்பர் ஒருவர், "எல்லா வாரமும் நீர் நல்லவராகவே வருகிறீரே, ஒரு தப்புகூடப் பண்ணியதில்லையா?" என்று கேட்டார். குத்தலாகத்தான் கேட்டார். ஆனால் கேள்வியில் நியாயம் இருந்தது. அதனால்தான் இந்த வாரம் சட்டையை எடுத்து உதறுகிறேன்.

மூன்றடிக் குழாய்

எழுபதுகளின் கடைசி. மதுரைக்குத் தண்ணீர் கொண்டுவரும் பிரிவில் நான் இளநிலைப் பொறியாளனாகச் சேர்ந்து இரண்டு வருஷம் ஆகியிருந்தது. ஊருக்கு மேற்கே வைகை மணலில் கிணறு தோண்டி, அதில் ஊறும் தண்ணீரை நகரத்துக்குக் கொண்டுவர ஒரு கான்கிரீட் குழாய் போட்டிருந்தார்கள். மூன்றடி விட்டம். எட்டடி நீளத் துண்டுகள். துண்டுக்கும் துண்டுக்கும் நடுவில் சணலும் சிமெண்டும் வைத்து அடைத்த மூட்டு. நான் பிறப்பதற்கு முன்பே புதைத்தது.

வயதானால் மனிதனுக்கு முதலில் மூட்டுதான் தகராறு பண்ணும். குழாய்க்கும் அப்படித்தான். மேலே மாட்டு வண்டி போன காலத்தில் போட்ட குழாயின்மீது லாரி போக ஆரம்பித்தது. தென்னை மரங்கள் வேர் விட்டன. கிணற்றிலிருந்து கிளம்புகிற தண்ணீருக்கும் ஊருக்குள் வந்து சேர்கிற தண்ணீருக்கும் சம்பந்தமே இல்லாமல் போயிற்று.

நாங்கள் அப்போது சிம்மக்கல்லில் ஒரு சந்துக்குள் குடியிருந்தோம். வாத்தியார் பிள்ளை மக்கு என்பார்களே, அதற்கு எங்கள் வீட்டுக் குழாயே சாட்சி. திறந்தால் முதலில் இருமும், பிறகு காற்று விடும், பிறகு சும்மா இருக்கும். வீட்டுக்கார அம்மாள் தெருக்குழாயில் குடத்தை வரிசையில் போட்டுவிட்டு, நான் போகும்போது பக்கத்து ஆளிடம் பேசுவதுபோல், "தண்ணி ஆபீஸ்காரரு போறாரு, வழி விடுங்க" என்பார். நான் தலையைக் குனிந்துகொண்டு சைக்கிளை மிதிப்பேன்.

அந்தக் கோடையில் மூன்று நாள் தண்ணீரை நிறுத்திவிட்டுக் குழாயின் மேற்குப் பகுதியைச் சோதித்துப் பழுது பார்ப்பதென்று முடிவாயிற்று. மூன்று நாளுக்குமேல் ஒரு மணி நேரம்கூட ஆகக் கூடாது என்று எக்ஸிகியூட்டிவ் இன்ஜினியர், நாங்கள் இ.இ. என்போம், கண்டிப்பாகச் சொல்லியிருந்தார்.

தட்டிப் பார்ப்பது

இன்றைக்குக் குழாய்க்குள் கேமரா விடுகிறார்களாம். எங்களிடம் இருந்தது பால்பேரிங் சக்கரம் வைத்த பலகை இரண்டு, டார்ச் இரண்டு, சின்னச் சுத்தியல் ஒன்று. பலகையில் குப்புறப் படுத்துக்கொண்டு, கையால் தள்ளித் தள்ளி உள்ளே போக வேண்டும். இரண்டடிக்கு ஒரு தட்டு. நல்ல கான்கிரீட் 'ணங்' என்று சொல்லும். உள்ளே கம்பி துருப்பிடித்துப் பூச்சு விட்டுப்போன இடம் 'தொப்' என்று சொல்லும். சந்தையில் மண்பானை வாங்குகிறவர்கள் சுண்டிப் பார்க்கிற அதே கணக்குதான்.

தட்டுகிறவர் சோலைமலை. கொத்தனார். அலங்காநல்லூர்ப் பக்கம் ஊர். என் வயதுதான் இருக்கும். ஜல்லிக்கட்டில் மாடு பிடித்திருக்கிறீர்களா என்று யாராவது கேட்டால், "எனக்கு மாட்டப் பிடிக்கும், மாட்டுக்குத்தான் என்னயப் பிடிக்காது" என்பார்.

நான் அவருக்குப் பின்னால் இன்னொரு பலகையில் போவேன். படித்தவன் அல்லவா, காதை நம்ப மாட்டேன். விரிசலின் அகலத்தை அளப்பேன், வெள்ளையாகச் சுண்ணாம்பு கசிந்த இடத்தையும் துருக்கறையையும் நோட்டில் குறிப்பேன். கெட்ட இடம் என்று எனக்குத் தோன்றினால் சாக்பீஸ் கோடு. சோலைமலைக்குத் தோன்றினால் காவிக்கல் கோடு. இரண்டும் ஒரே இடத்தில் விழுவது ஆடிக்கு ஒரு தரம், அமாவாசைக்கு ஒரு தரம்.

"சார், நீங்க வெள்ளக்கோடு போட்ட எடமெல்லாம் நல்ல எடம். மேலாக்க வெடிச்சிருக்கு, அம்புட்டுத்தான். கோடு போடாம வாரீக பாருங்க, அங்கதான் உள்ள செத்துக் கெடக்கு."

"கண்ணுக்குத் தெரியாத பழுதை நான் எப்படி ரிப்போர்ட்ல எழுதுறது?"

"என் காதுக்குத் தெரிஞ்சுச்சுன்னு எழுதுங்க."

இரண்டு கோட்டையுமே கொத்திப் பார்த்தோம். எத்தனை இடத்தில் யார் ஜெயித்தோம் என்று எழுதினால் சோலைமலைக்குத் தலைக்கனம் வந்துவிடும். ஆகவே எழுதவில்லை.

கெட்ட இடத்தைக் கொத்தி எடுத்து, கம்பியைத் துருப் போகத் தேய்த்து, கோழிவலை கட்டிச் சிமெண்ட் பூசுவோம். மூட்டே விட்டுப்போயிருந்தால் வெளியே பள்ளம் தோண்டி, இரண்டு பாதியாக வார்த்த கான்கிரீட் வளையத்தைக் குழாயைச் சுற்றிப் பூட்டி அடைப்போம். அந்த வளையங்கள் கப்பலூர் தொழிற்பேட்டையில் ஒரு சின்னப் பட்டறையில் வார்த்து லாரியில் வந்தன.

குழாய்க்குள் இறங்குகிற குழியின், அதாவது மேன்ஹோலின், வாயில் பேச்சியம்மாள் உட்கார்ந்திருப்பார். பெயருக்குச் சித்தாள். வேலையோ எங்கள் இருவருடைய உயிரையும் கையில் பிடித்துக்கொண்டிருப்பது. என் இடுப்பில் கட்டிய கயிற்றின் மறுமுனை அவர் கையில். ஒரு இழுப்பு இழுத்தால் 'நல்லா இருக்கீகளா' என்று அர்த்தம். மூன்று இழுப்பு என்றால் கேள்வி கேட்காமல் வெளியே வர வேண்டும்.

குல்லா

மேன்ஹோலிலிருந்து அரை மைல் மேற்கே, கிணற்றுப் பக்கம், பெரிய வால்வு. அதைத் திறந்தால்தான் குழாய்க்குள் தண்ணீர் வரும். வால்வைத் திருகும் தண்டின் தலையில் சதுரமான இரும்புத் தொப்பி ஒன்று மாட்டியிருக்கும். ஆள் உயரச் சாவியை அந்தத் தொப்பியின்மேல் மாட்டித்தான் திருக முடியும். தொப்பியைக் கழற்றிவிட்டால் சாவி சும்மா சுற்றும். எங்கள் ஆட்கள் அதைக் குல்லா என்பார்கள்.

யாராவது குழாய்க்குள் இறங்கினால் குல்லாவைக் கழற்றி உள்ளே போகிறவன் கையில் கொடுத்துவிட வேண்டும். எழுதி வைத்த சட்டம் இல்லை. எனக்கு முன்பிருந்தே நடக்கிற வழக்கம். அவன் உள்ளே இருக்கும்வரை எவன் நினைத்தாலும் வால்வைத் திறக்க முடியாது. அவன் வெளியே வந்து, குல்லா வால்வுக்குப் போய்ச் சேர்ந்தால் திறக்கலாம். கடிகாரம், கடிதம், விசில் எதுவும் வேண்டாம். குல்லாதான் உத்தரவு.

வால்வுக்குப் பொறுப்பு வீரணன். நாற்பதை நெருங்கியவர். ஒன்பது வருஷமாகத் தினக்கூலி. அவரை நிரந்தரமாக்கும் பட்டியல் அந்த மாதம்தான் மேலிடத்துக்குப் போயிருந்தது. இதை எனக்குச் சொன்னது பேச்சியம்மாள்.

"வீரணண்ணே பேரு லிஸ்ட்டுல மூணாவதா இருக்காம் சார். அவுக வீட்டுல இப்பவே பாயாசம் வச்சுட்டாக."

வீரணனிடம் கேட்டேன். "பாயாசம் வச்சது நெசந்தான் சார். வயித்துக்குள்ள போனது பாயாசம். லிஸ்ட்டு இன்னும் வந்து சேரல" என்றார்.

தோட்டக்காரரின் ஊற்று

மேன்ஹோலுக்குப் பக்கத்தில் ஒரு வாழைத்தோட்டம். கோடையிலும் பச்சை மாறாமல் நின்றது. தோட்டக்காரர் நல்ல மனிதர். முதல் நாள் மத்தியானம் உள்ளே வேலை முடிந்து வெளியே வந்ததும் தன் பம்புசெட்டைப் போட்டுவிட்டு எங்களைக் குளிக்கச் சொன்னார். நானும் சோலைமலையும் சட்டையை மரத்தில் போட்டுவிட்டுத் தொட்டியில் விழுந்து கிடந்தோம். வீரணன் குல்லாவுக்காக வந்து, மரத்தில் தொங்கிய என் சட்டைப் பையிலிருந்து அதை எடுத்துக்கொண்டு, எங்களைப் பார்த்துச் சிரித்துவிட்டுப் போனார்.

இரண்டாம் நாளும் அதே நேரம், அதே குளியல்.

அன்று சாயங்காலம்தான் அவருடைய தோட்டத்து ஓரம் பள்ளம் தோண்டினோம். அங்கே ஒரு மூட்டு வருஷக் கணக்காக ஒழுகிக்கொண்டிருந்தது. அவருடைய கிணற்றில் கோடையிலும் ஊறிய தண்ணீர் பாதி எங்களுடையது. வளையம் போட்டு அடைத்தோம்.

அவர் வரப்பில் நின்று பார்த்துக்கொண்டே இருந்தார். பிறகு சொன்னார்: "பத்து வருசமா என் கெணத்துல ஊத்து நல்லா இருக்குன்னு ஊரெல்லாம் பேசிக்கிட்டுத் திரிஞ்சேன். அது உங்க குழாயி ஒழுகுனதா?"

"ஆமாண்ணே."

"அப்ப மூடிட்டுப் போங்க" என்று வீட்டுக்குள் போய்விட்டார். மறுநாள் பம்புசெட் அறைக் கதவில் பூட்டுத் தொங்கியது.

அவர்மேல் எனக்குக் கோபம் இல்லை. ஒரே நாளில் கிணற்றையும் பெருமையையும் பறிகொடுத்த மனிதர் வேறு என்ன செய்வார். ஆனால் அந்தப் பூட்டு இல்லாமல் இருந்திருந்தால் இந்த வாரம் எழுத எனக்கு எதுவும் இருந்திருக்காது.

இஸ்திரி போட்ட சட்டை

மூன்றாம் நாள் சாயங்காலம் தண்ணீர் திறக்கும்போது இ.இ. வருவதாகச் சொல்லியிருந்தார். முதல் இரண்டு நாளும் பழைய காக்கிச் சட்டையோடு குழாய்க்குள் போனேன். மூன்றாம் நாள் அம்மா இஸ்திரி போட்டு வைத்த வெள்ளைச் சட்டையைப் போட்டுக்கொண்டு போனேன். பெரியவர் வருகிறார், நாம் சேற்றோடு நிற்கக் கூடாது என்ற அற்பப் பெருமை.

காலையில் மூன்று மூட்டுகளில் உட்பக்கம் பூசினோம். சீக்கிரம் இறுகும் மருந்து கலந்த சிமெண்ட். ஆனாலும் சாயங்காலம்வரை அதன்மேல் தண்ணீர் ஓடக் கூடாது, ஈரச் சாக்கு மட்டும் போட்டு வைக்கலாம். அதற்குமேல் மேற்குப் பக்கம் சோதிக்க வேண்டிய துண்டுகள் கொஞ்சம் இருந்தன. பட்டியல் முடிந்துவிட்டால் அந்தப் பகுதிக்கு ரிப்போர்ட் எழுதிவிடலாம்.

வீரணன் காலையிலேயே குல்லாவைக் கழற்றிக்கொண்டு வந்து கொடுத்துவிட்டுப் போயிருந்தார். பையில் போட்டுக்கொண்டேன். குழிக்குள் இறங்கப் போகும்போது சட்டை ஞாபகம் வந்தது. கழற்றி, கருவேல மரத்தில் மாட்டினேன். குல்லா ஞாபகம் வரவில்லை.

இதுதான் நான் செய்த தப்பு. எழுதிப் பார்த்தால் ஒரு வரிக்குமேல் இல்லை.

இரண்டாவது தப்பும் உண்டு. பூசின இடங்களில் நனைத்துப் போடச் சாக்கு வேண்டும், சாக்கை நனைக்கத் தண்ணீர் வேண்டும். பக்கத்துப் பம்புசெட் பூட்டியிருந்தது. "தூரத்துக் கிணத்துல போய் ஒரு குடம் எடுத்துட்டு வந்துருங்க" என்று பேச்சியம்மாளிடம் சொன்னேன்.

"கயிறு சார்?"

"மரத்துல கட்டிட்டுப் போங்க. அஞ்சு நிமிஷத்துல என்ன ஆயிடப் போகுது."

அவர் மனசில்லாமல் கட்டிவிட்டுப் போனார். கிணறு அஞ்சு நிமிஷத் தூரத்தில் இல்லை.

காற்று வந்தது

உள்ளே நாங்கள் நேரத்தை விட்டுவிட்டோம். ஒரு துண்டில் சோலைமலை காவிக்கோடு போட்டார். எனக்கு அங்கே ஒரு கீறலும் தெரியவில்லை. விடவே கூடாது என்று நான் சுத்தியலை வாங்கித் தட்டினேன். அவர் வாங்கித் தட்டினார். மாறி மாறி ஒரே தட்டல். வெளியே யாராவது கூப்பிட்டிருந்தாலும் கேட்டிருக்காது.

கூப்பிட்டிருக்கிறார்கள். அது பிறகு தெரிந்தது.

உள்ளே வெக்கை தாங்க முடியாது. முதுகில் வேர்வை ஓடிக்கொண்டிருந்தது. அப்போது முகத்தில் மெல்லக் காற்று வந்து பட்டது. குளுகுளுவென்று நல்ல காற்று.

"அப்பாடா, காத்து வருது" என்றேன்.

சோலைமலை சுத்தியலைக் கீழே வைத்தார். டார்ச்சைக் கிழக்கே திருப்பவில்லை. மேற்கே, குழாய் போகிற இருட்டுக்குள் அடித்தார்.

"மேக்க இருந்து எப்பிடிக் காத்து வரும் சார்? அந்தப் பக்கம் வாலுவ மூடியிருக்குல்ல."

தண்ணீர் வந்தால்தான் காற்று வரும். தண்ணீர் தள்ளிக்கொண்டு வருகிற காற்று அது. அவர் சொல்லி முடிக்கும்போதே என் இடுப்பில் கயிறு இழுத்தது. ஒன்று, இரண்டு, மூன்று.

மூன்றடிக் குழாய்க்குள் திரும்பிப் படுப்பது லேசு இல்லை. காலை முன்னே விட்டு, கையால் பின்னுக்குத் தள்ளி வந்தோம். முதலில் கயிறு மாதிரி ஒரு தண்ணீர்க்கோடு பலகைக்கு அடியில் ஓடியது. பிறகு முழங்கை நனைந்தது. பிறகு பலகை மிதக்கப் பார்த்தது. பேச்சியம்மாள் மேலிருந்து இழுத்த இழுப்பில் என் இடுப்புத் தோல் உரிந்துவிட்டது. சோலைமலை எனக்கு மேற்கே இருந்தார், அதாவது தண்ணீருக்கு முதலில் அவர். காலால் என் பலகையை உந்தி உந்தித் தள்ளிக்கொண்டே வந்தார்.

நான் வெளியே வந்து, அவருக்குக் கை கொடுத்து இழுத்தபோது மேன்ஹோலுக்குள் முழங்கால் தண்ணீர். பயந்துபோனேன் என்று எழுத இத்தனை வருஷத்துக்குப் பிறகும் வெட்கமாகத்தான் இருக்கிறது.

பேச்சியம்மாள் கயிற்றை விடாமல் மூச்சு வாங்கினார். உள்ளங்கை இரண்டும் ரத்தம்.

"குடத்தோட வாரேன் சார், சட்டையப் பாத்தேன். நான் போகையில பை இழுத்துக்கிட்டு நின்னுச்சு. இப்பச் சப்பையா இருந்துச்சு. குல்லா போயிருச்சுன்னு குடத்த அப்பிடியே போட்டுட்டு ஓடியாந்தேன்."

உடைந்த குடம் வரப்போரம் கிடந்தது.

நான் சட்டையை எடுக்கவில்லை. சைக்கிளை எடுத்துக்கொண்டு வால்வுக்குப் போனேன். வீரணன் சாவியைப் பிடித்து நின்றுகொண்டிருந்தார். பத்துச் சுற்றுத் திறந்துவிட்டுக் கொஞ்சம் நிறுத்தி, மறுபடி பத்துச் சுற்று என்று பக்குவமாகத் திறந்துகொண்டிருந்தார். அவசரப்பட்டால் குழாய் தாங்காது. அந்தப் பக்குவம்தான் எங்களைக் காப்பாற்றியது.

வெற்று உடம்போடு, சொட்டச் சொட்ட நனைந்து நான் வருவதைப் பார்த்தார். குழாய்த் தண்ணீர் என்று தெரிந்துவிட்டது. உடனே சாவியை எதிர்ப்பக்கம் திருக ஆரம்பித்தார். மூடி முடித்துவிட்டு அங்கேயே உட்கார்ந்துவிட்டார்.

"மாப்ள?" என்றார். சோலைமலையை அவர் அப்படித்தான் கூப்பிடுவார்.

"நல்லா இருக்காரு."

"குழிக்குள்ள குனிஞ்சு ரெண்டு தடவ கூப்பிட்டேன் சார். சத்தமில்ல. சட்ட தொங்குச்சு. குல்லா வெளிய இருந்தா ஆளும் வெளியதான இருக்கணும். குளிக்கப் போயிட்டீகன்னு நெனச்சேன். ஆபீஸ் ஜீப்பு டிரைவரு வேற வந்து, ஊருக்குள்ள தண்ணி கேக்குறாகன்னு சொன்னாரு. பூச்சு இன்னும் காயலங்கிறது எனக்குத் தெரியாது."

கயிற்றைப் பார்க்கவில்லையா என்று நான் கேட்கவில்லை. முந்தின இரண்டு நாளும் நாங்கள் குளிக்கும்போது அந்தக் கயிறு அப்படியேதான் குழிக்குள் தொங்கியது. அவர் வழக்கத்தை மீறவில்லை. வழக்கத்தை நம்பினார். மீறியவன் நான்.

ஐந்து வரி

உயிர் தப்பியது. பூச்சு தப்பவில்லை. காலையில் பூசின மூன்று மூட்டும் கரைந்து ஓடிவிட்டது. மறுபடி பூச வேண்டும், இறுக வேண்டும். மூன்று நாள் நான்கு நாளாயிற்று. ஊருக்குள் காலிக்குடங்களோடு மறியல். இ.இ.க்கு மேலே இருந்தவர்கள் இ.இ.யைக் கேட்டார்கள். இ.இ. என்னைக் கேட்டார்.

"வால்வைத் திறந்தது யார்?"

"வீரணன் சார்."

"திறக்கச் சொன்னாயா?"

"இல்லை சார்."

"எழுதிக் கொடு."

எழுதிக் கொடுத்தேன். ஐந்து வரி. பணியாளர்கள் குழாயினுள் இருக்கும்போது, பிரிவுப் பொறியாளரின் அனுமதி பெறாமல், வால்வு இயக்கும் தினக்கூலிப் பணியாளர் வீரணன் வால்வைத் திறந்ததால் பூச்சு வேலை சேதமடைந்தது. ஒரு சொல்கூடப் பொய் இல்லை. சட்டையும் குல்லாவும் மட்டும் அதில் இல்லை. முழுப் பூசணிக்காயைச் சோற்றில் மறைப்பார்கள். நான் ஐந்து வரியில் மறைத்தேன்.

ஏன் என்று கேட்டால், பயம்தான். வேலைக்கு வந்து இரண்டு வருஷம். இரண்டு பேரைச் சாகக் கொடுக்கப் பார்த்தவன் என்று என் கையாலேயே எழுத எனக்குத் தைரியம் வரவில்லை.

குண்டு எழுத்து

நான்கைந்து நாள் கழித்து வீரணன் பிரிவு அலுவலகத்துக்கு வந்தார். கையில் குறிப்பாணை. தினக்கூலிப் பட்டியலிலிருந்து ஏன் பெயரை நீக்கக் கூடாது என்று விளக்கம் கேட்டிருந்தார்கள். நிரந்தரம் இருக்கட்டும், இருக்கிற கூலி வேலைக்கே வேட்டு.

"சார், எனக்குக் கையெழுத்து மட்டுந்தான் வரும். பதிலு நீங்க எழுதிக் குடுங்க. உங்க எழுத்து குண்டு குண்டா நல்லா இருக்கும்."

குறிப்பாணையை வாசித்துக் காட்டச் சொன்னார். வாசித்தேன். 'பிரிவு இளநிலைப் பொறியாளரின் அறிக்கையின்படி' என்ற இடம் வந்ததும் நிறுத்திவிட்டேன்.

"நீங்கதான எழுதியாகணும் சார். வேற யாரு எழுதுவா" என்றார் அவர். குத்திக் காட்டவில்லை. எனக்கு ஆறுதல் சொன்னார். அதுதான் இன்னும் சுட்டது.

காகிதத்தை எடுத்தேன். "சொல்லுங்க."

"அவசரப்பட்டுத் தொறந்துட்டேன். இனிமே இப்பிடி நடக்காது. பெரிய மனசு பண்ணி மன்னிச்சுக்கிருங்க. அம்புட்டுத்தான்."

"குல்லா?"

"அத எழுத வேணாம்."

"ஏன்?"

"எழுதுனா உங்களக் கேப்பாக. இப்பத்தான வேலைக்கு வந்தீக. எனக்கு ஒம்பது வருசம் போச்சு, இன்னும் ஒண்ணு போனா பத்து. நான் பழகுனவன்."

பெயரையே நீக்கப் போகிறார்கள், இன்னொரு வருஷம் எங்கிருந்து வரும் என்று அவருக்குத் தெரியாமல் இல்லை. தெரிந்தேதான் சொன்னார்.

நான் எழுதினேன். அவர் சொன்னது மூன்று வரி. நான் ஒரு பக்கம் எழுதினேன். குல்லாவை உள்ளே போகிறவர் தம்மிடம் வைத்திருக்க வேண்டும் என்ற வழக்கத்தை எழுதினேன். அன்று பொறியாளர் அதைச் சட்டைப் பையில் விட்டு, சட்டையை மரத்தில் மாட்டிவிட்டு இறங்கியதை எழுதினேன். காவலுக்கு இருந்த சித்தாளைத் தண்ணீருக்கு அனுப்பியதும் பொறியாளரே என்று எழுதினேன். குல்லாவைக் கேட்டு வாங்காமல் தானாக எடுத்தது தன் தவறு என்றும், குழிக்குள் குனிந்து இரண்டு முறை கூப்பிட்டும் பதில் இல்லை என்றும் எழுதினேன்.

வீரணன் என் கை போகிற போக்கைப் பார்த்துக்கொண்டே இருந்தார்.

"மூணு வரிக்கு இம்புட்டா சார்?"

"ஆபீஸ் தமிழ் அப்படித்தான். நீட்டி எழுதணும்."

"நான் சொன்னதத்தான எழுதியிருக்கீக?"

"ஆமா."

அவர் பேனாவை வாங்கி, ஒவ்வோர் எழுத்தாகத் தன் பெயரை எழுதினார். அந்தச் சம்பவத்தில் நான் முழுப் பொய்யாகச் சொன்னது அந்த ஒரு 'ஆமா' மட்டும்தான்.

மறுநாளே இ.இ. கூப்பிட்டார். மேஜைமேல் இரண்டு காகிதம் பக்கத்தில் பக்கத்தில் இருந்தன. ஒன்று என் ஐந்து வரி. இன்னொன்று வீரணனின் ஒரு பக்கம்.

"ரெண்டும் ஒரே கையெழுத்தா இருக்கே" என்றார்.

"ஆமா சார்."

"எதை நம்பறது?"

"ரெண்டாவதை சார்."

அவர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். "இதை முதல்லயே எழுதியிருந்தா எனக்கு ஒரு காகிதம் மிச்சம்" என்றார். பிறகு போகச் சொன்னார்.

என் பணிப்பதிவேட்டில் ஒரு கண்டனம் ஏறியது. ஓய்வு பெறும்வரை அது அங்கேதான் இருந்தது. பதிவேட்டைப் புரட்டுகிற ஒவ்வொரு புது அதிகாரியும் அந்தப் பக்கத்தில் நின்று என்னை நிமிர்ந்து பார்ப்பார். எனக்கு முதலில் குறுகுறுக்கும். பின்னால் பழகிவிட்டது. வீரணன்மேல் இருந்த குறிப்பாணையைக் கைவிட்டார்கள். பட்டியலில் மூன்றாவது பெயர் மூன்றாவதாகவே இருந்தது. அந்த வருஷம் தீபாவளிக்கு முன்னால் உத்தரவு வந்தது.

கழுத்து

அடுத்த கோடையில் மறுபடி குழாயைச் சோதிக்கப் போனோம். அதே மேன்ஹோல். வாழைத்தோட்டம் காய்ந்து, தோட்டக்காரர் கேழ்வரகு போட்டிருந்தார். பேச்சியம்மாள் கயிற்றைக் கையில் சுற்றிக்கொண்டு, "இன்னைக்குத் தண்ணியெல்லாம் எடுக்கப் போக மாட்டேன் சார், இப்பவே சொல்லிட்டேன்" என்றார். சோலைமலை காவிக்கல்லை மடியில் சொருகிக்கொண்டு பலகையைத் துடைத்துக்கொண்டிருந்தார்.

நான் பழைய காக்கிச் சட்டையில் இருந்தேன். வெள்ளைச் சட்டையோடு வேலைக்குப் போவதையே விட்டிருந்தேன்.

வீரணன் சைக்கிளில் வந்து இறங்கினார். நிரந்தரம் ஆனதிலிருந்து தினமும் சவரம் செய்துகொண்டிருந்தார். குல்லாவை எடுத்து நீட்டினார். புதிதாக அதன் ஓரத்தில் ஒரு துளை இருந்தது. துளையில் தடித்த நைலான் கயிறு கோத்து முடிந்திருந்தது.

"இது என்னண்ணே?"

"கப்பலூர்ப் பட்டறைல குடுத்து ஓட்ட போட்டாந்தேன்."

நான் பைக்குள் போட்டுக்கொள்ளக் கையை நீட்டினேன். அவர் கொடுக்கவில்லை.

"அந்தக் காகிதத்துல நான் சொன்னத நீங்க எழுதல சார்" என்றார்.

"யாரு சொன்னா?"

"படிக்கத் தெரிஞ்சவுக சொன்னாக."

அவர் கயிற்றை விரித்து என் தலை வழியாகப் போட்டு, குல்லாவைச் சட்டைக்குள் இறக்கி, மேல் பொத்தானையும் மாட்டிவிட்டார்.

"சட்டையக் கழட்டுவீக. கழுத்தக் கழட்ட மாட்டீகள்ல" என்றார்.